எல்லைக்கோட்டை அழித்தால் போதுமா? காஸ்கேடியா இயக்கமும் மண்ணின் தேசங்களும்

ஆற்றுவழி (ரெண்டன், வாஷிங்டன்)

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் விஷயம் இது. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சியாட்டலுக்குத் தெற்கே இருக்கிறேன். மூன்று வருடமாக இங்குள்ள ஓடைப் பாதுகாப்புக் குழு ஒன்றில் வேலை செய்கிறேன். குழுவில் பாதிப் பேர் 'காஸ்கேடியா' ஆட்கள். கேள்விப்படாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாடு, மாநிலம் என்பதெல்லாம் மேசையில் ஸ்கேல் வைத்து இழுத்த கோடுகள், மலையும் ஆறும் மழையும் போட்ட எல்லைதான் நிஜம், அந்த எல்லைக்குள் அடங்கி வாழ மனிதர்கள் பழக வேண்டும் என்பதுதான் பயோரீஜன் கருத்து. 1970களில் கலிபோர்னியாவில் பீட்டர் பெர்க்கும் ரேமண்ட் டாஸ்மனும் இதைப் பேச ஆரம்பித்தார்கள். பிறகு சியாட்டல் பல்கலைக்கழகத்தில் இருந்த டேவிட் மெக்ளாஸ்கி, கொலம்பியா, ஃபிரேசர் ஆறுகளின் நீர்ப்பிடிப்புகளைச் சேர்த்து வரைபடம் போட்டு, காஸ்கேடியா என்ற பெயரைப் பரப்பினார். அலாஸ்காவின் தெற்கு ஓரத்திலிருந்து வட கலிபோர்னியா வரை, கிழக்கே ராக்கி மலை முகடு வரை. நீலம், வெள்ளை, பச்சைக் கொடியில் ஒரு டக்ளஸ் ஃபர் மரம். இங்கே கால்பந்து மைதானத்தில்கூட அந்தக் கொடியைப் பார்க்கலாம்.

எனக்கு இந்தக் கருத்து பிடிக்கும். வந்து குடியேறிய ஊரை ஐடி வேலையும் வீட்டுக் கடனுமாக மட்டும் பார்க்காமல், ஆறாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது இதுதான்.

போன மாதம் எங்கள் கூட்டத்துக்குப் பக்கத்துப் பூர்வகுடி தேசம் (இங்கே தனக்கென அரசு உள்ள பழங்குடியைத் தேசம் என்பார்கள்) ஒன்றின் மீன்வளத் துறையில் வேலை செய்யும் அம்மா ஒருவர் வந்திருந்தார். நூலக அறையில் இரண்டு மேசைகளை ஒட்டிப் போட்டு அந்தப் பெரிய வரைபடத்தை விரித்தோம். சுருண்டுகொண்டே இருந்ததால் நான்கு மூலையிலும் காபிக் கோப்பைகளை வைத்தோம். அழகான படம். நகரம் கிடையாது, சாலை கிடையாது, எல்லை கிடையாது. ஆறுகள் மட்டும் நரம்பு மாதிரி ஓடும். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, ஓர் ஆற்றைக் கடலில் பிடித்து, விரலால் மேலே மேலே போனார். எங்கள் ஆட்கள் எப்போதும் மலையில் தொடங்கிக் கீழே வருவார்கள். அவர், முட்டையிடக் கடலிலிருந்து ஆறேறும் சால்மன் மீன் போகிற திசையில் போனார். பிறகு நிமிர்ந்து, "அமெரிக்காவை அழித்துவிட்டீர்கள், கனடாவை அழித்துவிட்டீர்கள், சரி. எங்களை ஏன் அழித்தீர்கள்?" என்று கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் இன்னும் காதில் இருக்கிறது.

என் கேள்வி இதுதான். எங்கள் கூட்டம் ஒவ்வொன்றும் "இது இன்னாருடைய பூர்வீக நிலம்" என்ற ஒரு பத்தியை வாசித்துத்தான் தொடங்கும். அதற்கப்புறம் அந்த மக்களுடைய இறையாண்மைக்கும் நாங்கள் செய்கிற வேலைக்கும் என்ன சம்பந்தம்? காலனிய நீக்கம் என்று வாயால் சொல்கிறோமே, கையால் அது என்ன?

---

செம்பருத்தி (கோவை)

அருமையான பதிவு அண்ணா. அந்த அம்மா கேட்ட கேள்வி என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது.

சியாட்டல் என்றதுமே எனக்கு அதே பெயர்கொண்ட பூர்வகுடித் தலைவரின் பேச்சுதான் நினைவுக்கு வருகிறது. பள்ளியில் சுற்றுச்சூழல் மன்றத்தில் அதைத் தமிழில் மனப்பாடம் செய்து பேசியிருக்கிறேன். இன்றும் ஜூன் 5 ஆனால் வாட்ஸப்பில் வந்துவிடும். நிலத்தை வாங்கவும் விற்கவும் முடியாது என்று வாழ்ந்த மக்களுக்கு இறையாண்மை, எல்லை, சட்டம் என்ற சொற்களே அந்நியமாக இருக்காதா? நம் ஐந்திணை மாதிரி, நிலத்தோடு சேர்ந்த வாழ்க்கைதானே அவர்களுடையதும்? அவர்களிடமிருந்து அந்த மனநிலையைக் கற்றுக்கொள்வதுதான் முக்கியம் என்று தோன்றுகிறது.

---

ஆற்றுவழி

செம்பருத்தி, நானும் அதே பேச்சை ஊரில் மேடையில் பேசியவன்தான். இங்கே வந்த பிறகுதான் அதன் கதை தெரிந்தது.

நாம் மனப்பாடம் செய்தது, 1970களின் தொடக்கத்தில் ஒரு தொலைக்காட்சிப் படத்துக்காக டெட் பெர்ரி என்ற வெள்ளையர் எழுதியது. தலைவர் சியால் (சியாட்டல் என்று நாம் சொல்பவர்) 1854இல் பேசியது உண்மை. அதை ஹென்றி ஸ்மித் என்ற மருத்துவர் 33 வருடம் கழித்து, 1887இல், தன் குறிப்புகளை வைத்து ஒரு சியாட்டல் செய்தித்தாளில் எழுதினார். அந்த வடிவமே எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்று இன்னும் விவாதிக்கிறார்கள். நம் பதிப்பில் ரயிலிலிருந்து சுட்டுக் கொல்லப்பட்ட காட்டெருமைகள் வரும், நினைவிருக்கிறதா? இந்தக் கடலோரத்தில் அந்தக் காட்டெருமை மந்தைகள் கிடையாது. கண்டத்தைக் கடந்த முதல் ரயில் பாதை முடிந்தது 1869இல். அவர் 1866இலேயே இறந்துவிட்டார்.

அவர் பேரில் நமக்குத் தெரிய வேண்டியது வேறொன்று. 1855 ஜனவரியில் அமெரிக்க அரசோடு போட்ட பாயிண்ட் எலியட் நில ஒப்பந்தத்தில் முதல் ஆளாக அடையாளம் வைத்தவர் அவர். ஒரு தேசத்தின் தலைவராக, இன்னொரு தேசத்தோடு. பத்து வருடத்தில், 1865இல், அவர் பெயரை வைத்துக்கொண்ட இந்த ஊர் ஒரு விதி போட்டது: வேலை கொடுக்கும் முதலாளி இடம் கொடுத்தால் ஒழிய, பூர்வகுடிகள் ஊருக்குள் குடியிருக்கக் கூடாது. அவர் உயிரோடு இருக்கும்போதே.

இறையாண்மை அவர்களுக்கு அந்நியச் சொல்லாக இருக்கலாம். ஆனால் எந்த ஆற்றில் யார் எப்போது வலை போடலாம், யார் அனுமதி கேட்க வேண்டும் என்ற ஒழுங்கு அவர்களிடம் இருந்தது. ஐந்திணை ஒப்பீடு எனக்கும் இனிக்கிறது. ஆனால் மனநிலையை மட்டும் எடுத்துக்கொண்டு, முடிவெடுக்கும் உரிமையை விட்டுவிட்டால் நமக்குக் கவிதை கிடைக்கும், அவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது.

---

கடல்நண்டு (பெல்லிங்ஹாம்)

தம்பி, நான் இங்கே வந்து 22 வருடம் ஆகிறது. மீன் ஏற்றுமதித் தொழிலில் இருந்தவன், அதனால் மீன் பக்கமிருந்து சொல்கிறேன். இந்தக் கடலோரத்தில் இறையாண்மை என்றால் என்ன என்று தெரிய வேண்டுமென்றால் மீனைத்தான் கேட்க வேண்டும்.

1854, 55இல் வாஷிங்டன் பிரதேச ஆளுநர் ஐசக் ஸ்டீவன்ஸ் பூர்வகுடிகளோடு வரிசையாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டே போனார். பேசிய மொழி சினூக் ஜார்கன். சில நூறு சொற்கள் கொண்ட சந்தை மொழி. தோல், மீன், கம்பளி பேரம் பேச உதவும் மொழியில் ஒரு நாட்டையே எழுதி வாங்கினார்கள். (காஸ்கேடியா நண்பர்கள் அந்த மொழியின் சொற்களை டி ஷர்ட்டில் போட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். ஆரிகனின் கிராண்ட் ரோண்ட் பூர்வகுடி மக்கள் அதைத் தங்கள் பிள்ளைகளுக்கு இன்று வகுப்பு வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அணிந்துகொள்பவர்கள் முதலில் அதைத் தெரிந்துகொள்ளட்டும்.)

நிலம் போனது. ஆனால் தலைவர்கள் ஒன்றை மட்டும் விடவில்லை. வழக்கமாக மீன் பிடித்த இடங்களில், பிரதேசத்தின் மற்றக் குடிமக்களோடு 'பொதுவாக' மீன் பிடிக்கும் உரிமை தங்களிடமே இருக்கும் என்று எழுத வைத்தார்கள். கவனியுங்கள், இது அரசு கொடுத்த சலுகை கிடையாது. விற்கும்போது விற்காமல் வைத்துக்கொண்டது. வீட்டை விற்றுவிட்டுக் கிணற்று உரிமையைப் பத்திரத்தில் எழுதி வைத்துக்கொள்வது மாதிரி.

அடுத்த நூறு வருடம் மாநிலம் அதை மதிக்கவில்லை. நிஸ்குவாலி ஆற்றில் மீன் பிடித்ததற்காக, அந்தப் பூர்வகுடியைச் சேர்ந்த பில்லி ஃபிராங்க் ஜூனியர் முதல்முறை கைதானபோது வயது 14. வருடம் 1945. அதற்கப்புறம் ஐம்பது தடவைக்கு மேல் கைதானார். வலையை வெட்டுவார்கள், படகைப் பிடுங்குவார்கள், மறுநாள் மறுபடி ஆற்றில் இறங்குவார்கள். 1974 பிப்ரவரி 12இல் நீதிபதி ஜார்ஜ் போல்ட் தீர்ப்பு சொன்னார். 'பொதுவாக' என்றால் பிடிக்கக்கூடிய மீனில் பாதி. அதோடு நிற்கவில்லை. மீன்வளத்தை மாநிலமும் பூர்வகுடி தேசங்களும் சேர்ந்தே நிர்வகிக்க வேண்டும் என்ற நிலை அதிலிருந்துதான் வந்தது. ஊரே கொதித்தது, நீதிபதியின் கொடும்பாவியைக் கட்டித் தொங்கவிட்டார்கள். 1979இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பின் சாரத்தை உறுதி செய்தது.

இனிமேல்தான் உங்கள் கேள்விக்கு வருகிறேன். சாலைக்கு அடியில் ஓடை போகிற குழாய் இருக்கிறதே, கல்வெர்ட், அதன் வாய் ஓடை மட்டத்தைவிட இரண்டடி உயரத்தில் தொங்கினால் சால்மன் ஏற முடியாது. குழாய் குறுகலாக இருந்தால் தண்ணீர் வேகம் தாங்காது. நான் ஒரு நவம்பரில் அப்படி ஒரு குழாய் முன்னால் நின்று பார்த்தேன். ஒரு மீன் எகிறி, குழாயின் இரும்பு விளிம்பில் மோதி விழுந்து, மறுபடி எகிறியது. மூக்கு வெள்ளையாகத் தேய்ந்திருந்தது. குழாய்க்கு மேலே மைல் கணக்கில் நல்ல ஓடை காலியாகக் கிடந்தது.

2001இல் 21 தேசங்கள் மாநிலத்தின் மேல் வழக்குப் போட்டன. மீனே இல்லையென்றால் மீன் பிடிக்கும் உரிமைக்கு என்ன பொருள் என்பதுதான் வாதம். 2013இல் நீதிமன்றம் கல்வெர்ட்டுகளைச் சரிசெய்யச் சொல்லி ஆணையிட்டது. 2018இல் உச்ச நீதிமன்றத்தில் நான்குக்கு நான்கு என்று சமமாக முடிந்ததால் ஆணை நின்றது. இன்று வாஷிங்டன் மாநிலம் பல நூறு கோடி டாலர் செலவழித்து, குழாய்களைத் தோண்டி எடுத்துவிட்டுப் பாலம் கட்டிக்கொண்டிருக்கிறது.

பயோரீஜன் இயக்கம் ஐம்பது வருடமாகப் பேசிய "ஆற்றின் கண்ணால் ஊரைப் பார்" என்பதை நெடுஞ்சாலைத் துறையையே செய்ய வைத்தது 1855 மையில் எழுதிய ஒரு வரி. கொடியோ வரைபடமோ இதைச் செய்யவில்லை. சூழல் இயக்கத்துக்குக் கையில் இருக்கும் பலமான கருவி பூர்வகுடி தேசங்களின் ஒப்பந்த உரிமைதான். அது இருக்கிறவரை ஆற்றுக்கும் ஒரு காவல் உண்டு.

---

நியாயவாதி (சென்னை)

கடல்நண்டு சார், தகவல்களுக்கு நன்றி. ஆனால் ஒரு சந்தேகம், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குறிப்பிட்ட ரத்தத்தில் பிறந்தவனுக்கு மீனில் பாதி, மற்ற எல்லோருக்கும் சேர்த்து மீதிப் பாதி என்றால் அது பிறப்பு வழி உரிமை இல்லையா? நாம் எதிர்த்துக்கொண்டிருப்பதே அதைத்தானே? மண்ணின் மைந்தர் என்ற வாதம் எங்கே கொண்டுபோய் விடும் என்று நமக்குத் தெரியும். நீங்கள் எல்லாம் அங்கே நேற்று வந்தவர்கள், நாளைக்கு உங்கள் கதி?

---

கடல்நண்டு

நியாயமான பயம்தான் தம்பி. ஆனால் இரண்டு வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறீர்கள்.

மீனில் பாதி ரத்தத்துக்குக் கிடைக்கவில்லை. ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாக இருந்த அரசுகளுக்குக் கிடைத்தது. இன்னொரு மாநிலத்துப் பூர்வகுடி ஒருவர் இங்கே வந்து வலை போட முடியாது, அவர் அந்த ஒப்பந்தத்தில் இல்லை. போல்ட் தீர்ப்பு வந்த அதே 1974இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் இதைச் சொல்லிவிட்டது: பழங்குடி உறுப்பினர் என்பது அரசியல் நிலை, இனம் கிடையாது.

மண்ணின் மைந்தர் அரசியலின் ஆபத்து இங்கே எந்தப் பக்கமிருந்து வருகிறது தெரியுமா? ஆரிகன் மாநிலம் உருவாகும்போதே கறுப்பர்கள் குடியேறக் கூடாது என்று அரசியலமைப்பில் எழுதிக்கொண்டது. 1926இல்தான் அந்த வரியை எடுத்தார்கள். இந்த வடமேற்கை வெள்ளையர் நாடாக்க வேண்டும் என்ற கும்பல்கள் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. எல்லையை மாற்று, தனி நிலம், தனி அடையாளம் என்று பேசும் எந்த இயக்கத்துக்குள்ளும் அவர்கள் நுழையப் பார்ப்பார்கள். காஸ்கேடியா கொடியும் அதற்கு விலக்கில்லை. இந்த நிலத்தில் ஏற்கெனவே தேசங்கள் இருக்கின்றன, நாம் எல்லோரும் அவர்கள் வீட்டுக்கு வந்தவர்கள் என்று இயக்கம் தெளிவாகச் சொன்னால் அந்தக் கும்பலுக்கு நிற்க இடம் இருக்காது.

எங்கள் கதி பற்றிக் கேட்டீர்கள். 22 வருடத்தில் எந்தப் பூர்வகுடி மனிதரும் என்னைத் திரும்பிப் போ என்று சொன்னதில்லை. சொன்னவர்கள் வேறு ஆட்கள்.

---

வன்னிக்காடு (சர்ரே, பிரிட்டிஷ் கொலம்பியா)

வணக்கம் எல்லோருக்கும். எல்லைக்கு இந்தப் பக்கமிருந்து எழுதுகிறேன்.

இங்கத்தைய நிலைமை வேறு. வாஷிங்டனில் ஏமாற்றியாவது ஒப்பந்தம் எழுதினார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவின் பெரும்பகுதிக்கு அதுவும் இல்லை. வன்கூவர் தீவில் 14 சிறு ஒப்பந்தங்கள், வடகிழக்கில் ஒன்று, அண்மைக் காலத்தில் நிஸ்கா மக்களோடு போட்டது போன்ற சில. மிச்சமெல்லாம் கேட்காமல் எடுத்த காணி. மஸ்கியம், ஸ்குவாமிஷ், ஸ்லேவாட்டுத் மக்களின் நிலத்தில்தான் வன்கூவர் நகரம் நிற்கிறது, ஒரு தாளும் எழுதாமல்.

உங்கள் வரைபடக் கதையை வாசித்ததும் எனக்கு சினிக்ஸ்ட் மக்களின் நினைவு வந்தது. கொலம்பியா ஆற்றின் மேற்பகுதி, ஆரோ ஏரிகள் அவர்களுடைய இடம். 1846இல் 49ஆம் அட்சக்கோடு, அதாவது இன்றைய அமெரிக்க-கனடா எல்லை, அவர்களின் நிலத்துக்கு நடுவால் போனது. காலப்போக்கில் பலர் தெற்கே வாஷிங்டன் பக்கம் தள்ளப்பட்டு பூர்வகுடிகளுக்கென அரசு ஒதுக்கிய கோல்வில் ஒதுக்கிடத்தில் இருந்தார்கள். 1956இல் கனடா அவர்களை 'அழிந்துபோன' கூட்டம் என்று அறிவித்தது. ஆட்கள் உயிரோடு, நூற்றுக்கணக்கில், கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள்! ஐந்து வருடத்தில், 1961இல், இரண்டு நாடுகளும் கொலம்பியா ஆற்று உடன்படிக்கையில் கையெழுத்து வைத்தன. அதன்படி கட்டிய அணையின் நீர் ஆரோ ஏரிக்கரைகளை மூழ்கடித்தது. ஆள் இல்லை என்று எழுதியாயிற்று, பிறகு யாரைக் கேட்பது?

2010இல் ரிக் டெசோட்டெல் என்பவர் வாஷிங்டனிலிருந்து வந்து, தன் மூதாதையர் வேட்டையாடிய இடத்தில், அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு எல்க் மானைச் சுட்டார். வழக்கு கனடா உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021 ஏப்ரலில் தீர்ப்பு. கனடாக் குடிமகனாக இல்லாவிட்டாலும், அங்கே வசிக்காவிட்டாலும், அவருடைய மக்களுக்கு அந்த நிலத்தில் உரிமை உண்டு. அவர்கள் கோட்டுக்கு முந்தியவர்கள்.

காஸ்கேடியா ஆட்கள் எல்லை பொய் என்கிறார்கள். ஒரு மான் வழக்கில் அதை நீதிமன்றத்தையே ஒப்புக்கொள்ள வைத்தவர்கள் சினிக்ஸ்ட். ஆனால் அவர்கள் எல்லைக் கோடு வேண்டாம் என்பதோடு நிற்கவில்லை. நாங்கள் ஒரு தேசம், எங்களைக் கேள் என்கிறார்கள். அந்த இரண்டாவது பாதி உங்கள் வரைபடத்தில் இல்லை. அந்த அம்மா கேட்டது அதைத்தான் என்று எனக்கு விளங்குகிறது.

கொஞ்சம் சொந்தக் கதை. 2010 ஆகஸ்டில் சன் சீ கப்பலில் 492 ஈழத்தமிழர் தஞ்சம் கேட்டு இங்கே எஸ்குவைமால்ட் துறையில் வந்து இறங்கினார்கள். என் ஒன்றுவிட்ட தம்பியும் அதில் இருந்தான். அவனை எப்ப விடுவார்கள் என்பதைத் தவிர அந்த நாட்களில் எனக்கு வேறு நினைப்பே இல்லை. இந்தக் கரையில் யார் இறங்கலாம் என்று முடிவு செய்யும் உரிமை அந்த அரசுக்கு எப்படி வந்தது என்று நான் அப்போது கேட்கவில்லை. ஊரில் எங்கள் அம்மம்மாவின் காணி இராணுவ வேலிக்குள் போய் இருபத்தைந்து வருடத்துக்கு மேல். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று மாமரம் தெரிகிறதா என்று எட்டிப் பார்ப்பா. அப்படிப் பார்த்த சனம் நாங்கள். இங்கே வேலிக்கு அந்தப் பக்கம் யாருடைய மரம் என்று கேட்க எனக்குப் பத்து வருடம் எடுத்தது. அது எனக்குக் கவலைதான்.

---

பசுந்தாள் (போர்ட்லாந்து)

வன்னிக்காடு அக்கா, படித்துவிட்டு மனது கனத்துவிட்டது.

நான் ஒரு முரண்பாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். நான் வீகன். விலங்குகளுக்காகத்தான் இந்த இயக்கத்துக்கே வந்தேன். வாஷிங்டன் கடலோரத்து மக்கா பூர்வகுடி மக்கள் 1999 மே மாதம் நீயா விரிகுடாப் பக்கம் ஒரு சாம்பல் திமிங்கலத்தைக் கொன்றார்கள். 2024இல் அவர்களுக்கு மறுபடி அனுமதி கிடைத்திருக்கிறது, பத்து வருடத்தில் 25 வரை. ஒரு திமிங்கலத்துக்கு வலி இல்லையா? பயோரீஜன் என்றால் அதில் வாழும் எல்லா உயிருக்கும் குரல் என்றுதானே சொல்கிறோம். இறையாண்மை என்ற ஒரு சொல்லுக்காக நான் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா?

---

ஆற்றுவழி

பசுந்தாள், நீங்கள் வாயை மூட வேண்டாம். உங்களுக்கு வலிப்பது எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த ஒரு கதையை முழுசாகப் பாருங்கள்.

1855இல் அமெரிக்கா போட்ட இத்தனை ஒப்பந்தங்களில், திமிங்கல வேட்டை உரிமையைப் பெயர் சொல்லி எழுதி வாங்கியவர்கள் மக்கா மட்டும்தான். 1920களில் அவர்களே வேட்டையை நிறுத்தினார்கள். வணிகக் கப்பல்கள் திமிங்கலத்தை அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோயிருந்தன. எழுபது வருடம் காத்திருந்து, 1994இல் அந்தத் திமிங்கலம் அழியும் உயிரினப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்ட பிறகுதான் மறுபடி கேட்டார்கள். 1999க்குப் பிறகு வழக்கு, ஆய்வு, மறுபடி வழக்கு என்று இன்னும் கால் நூற்றாண்டு. கடலை இவ்வளவு பொறுமையாக நடத்திய அரசு எது?

எங்களோடு ஒத்துப்போகும்போது மட்டும் இறையாண்மையை ஆதரிப்போம் என்றால் அதற்கு ஆதரவு என்று பெயர் இல்லை. அணையை இடிக்கும்போது கை தட்டுவோம், திமிங்கலம் என்றதும் பாடம் எடுப்போம் என்றால், முடிவெடுக்கும் அதிகாரம் இன்னும் நம் கையில்தான் இருக்கிறது. நீங்கள் சாப்பிடாமல் இருக்கலாம், வருத்தப்படலாம், அவர்களிடமே உங்கள் மனதைச் சொல்லலாம். அவர்களைத் தடுக்க அரசைக் கூப்பிடக் கூடாது. அந்தக் கோட்டில் நான் உறுதியாக நிற்கிறேன்.

இதைவிடக் கஷ்டமான இடம் ஒன்று உண்டு. யாரைக் கேட்பது என்பது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் வெட்சுவெட்டன் மக்களின் நிலத்தில் எரிவாயுக் குழாய் போடத் தேர்ந்தெடுக்கப்பட்ட சபைகள் கையெழுத்துப் போட்டன, பரம்பரைத் தலைவர்கள் மறுத்தார்கள். அந்தச் சபைகள் கனடாவின் 1876 பூர்வகுடிச் சட்டம் ('இந்தியர் சட்டம்') கொண்டுவந்த அமைப்பு. ஆறும் காடும் பற்றிய அதிகாரம் பரம்பரைத் தலைவர்களுடையது. பூர்வகுடி நில உரிமை பற்றிய 1997இன் டெல்கமூக் வழக்கை நடத்தியவர்களே கிட்சான், வெட்சுவெட்டன் பரம்பரைத் தலைவர்கள்தான். இருந்தும் 2020 பிப்ரவரியில் போலீஸ் உள்ளே போனது. ஐ.நா.வின் பூர்வகுடி உரிமைப் பிரகடனத்தை மாகாணம் சட்டமாக்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை.

என் ஊரிலும் அப்படித்தான். சியாட்டல் நிலத்தின் பூர்வகுடிகளான டுவாமிஷ் மக்களின் அமைப்பை மத்திய அரசு அங்கீகரிக்கவில்லை. 2001இல் கிடைத்த மாதிரி இருந்து கை நழுவியது. அதே சமயம் டுவாமிஷ் வழிவந்த நிறையப் பேர் மக்கில்ஷூட், சுக்குவாமிஷ் போன்ற அங்கீகாரம் பெற்ற தேசங்களில் இருக்கிறார்கள், அந்தத் தேசங்களுக்கு இதில் வேறு கருத்து இருக்கிறது. அந்தக் குடும்ப வழக்கில் தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. எல்லோர் பேச்சையும் கேட்டுக்கொண்டு, யாரையும் இன்னொருவருக்கு எதிராகப் பயன்படுத்தாமல் இருப்பதுதான் என்னால் முடிந்தது.

---

வன்னிக்காடு

ஒன்று சேர்க்கிறேன். வன்கூவரில் பர்ரார்ட் பாலத்துக்குப் பக்கத்தில் செனாக் என்ற இடம். 1913இல் அங்கிருந்த ஸ்குவாமிஷ் குடும்பங்களைப் படகில் ஏற்றி அனுப்பிவிட்டு ஊரை எரித்தார்கள். நெடுநாள் வழக்காடி அதில் ஒரு துண்டு, ஏறக்குறைய 10 ஏக்கர், திரும்பக் கிடைத்தது. இப்போது ஸ்குவாமிஷ் தேசம் அங்கே 11 கோபுரங்கள், ஏறக்குறைய 6,000 வீடுகள் கட்டுகிறது. நகரசபையின் கட்டட விதி அங்கே செல்லாது, அது அவர்களின் நிலம். பக்கத்துத் தெருச் சனம் இது எங்கள் ஊரின் தோற்றத்துக்குப் பொருந்தாது என்று எதிர்த்தது.

பூர்வகுடி என்றால் தேவதாரு மரவீடு, முரசு, புகை என்று எதிர்பார்க்கிறோம். அவர்கள் வாடகை வீடு கட்டுகிறார்கள். அவர்களின் நிலம், அவர்கள் கட்டட்டும். வாடகையால் நசுங்கும் நகரத்துக்கு அது நல்லதும்கூட.

---

செம்பருத்தி

நான் முதலில் எழுதியதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அந்தப் பேச்சை இனி யாராவது அனுப்பினால் இந்த இழையை அனுப்புகிறேன்.

கடல்நண்டு ஐயா, நிலத்தைத் திருப்பிக் கொடுப்பது என்பதெல்லாம் நடக்கிற காரியமா? இல்லை, கோஷம்தானா?

---

கடல்நண்டு

நடக்கிறது அம்மா. கலிபோர்னியாவில், 1860இல் வியாட் பூர்வகுடி மக்கள் படுகொலை செய்யப்பட்ட டுலுவாட் தீவை யுரேகா நகரசபை 2019இல் அவர்களிடமே ஒப்படைத்தது. கொன்றவர்களின் ஊரே கொடுத்தது, அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஹைடா குவாய் தீவுகளில் 1985இல் மரம் வெட்டும் லாரிகளின் முன் உட்கார்ந்து 72 பேர் கைதானார்கள். 2024இல் அந்தத் தீவுகள் முழுவதும் ஹைடாவின் நிலம் என்று மாகாணமே ஒப்புக்கொண்டு சட்டம் போட்டது.

ஆரிகனிலிருந்து கலிபோர்னியாவுக்கு ஓடும் கிளாமத் ஆற்றில் 2024க்குள் நான்கு அணைகளை இடித்து முடித்தார்கள், அந்த வருட அக்டோபரிலேயே சால்மன் ஆரிகன் வரை ஏறிவிட்டது. 2025இல் அதே ஆற்றின் கீழ்ப்பகுதி யூரோக் மக்களுக்கு 47,000 ஏக்கர் காடு திரும்பியது. ஆனால் 'திருப்பிக் கொடுத்தார்கள்' என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு பாதுகாப்பு அறக்கட்டளையோடு சேர்ந்து, கடனும் நன்கொடையும் திரட்டி, மரக் கம்பெனியிடமிருந்து விலைக்கு வாங்கியது. தன் நிலத்தைத் தானே விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் பணமும் ஆதரவில் ஒரு பகுதி என்கிறேன். சியாட்டலில் 2017 முதல் டுவாமிஷ் அமைப்புக்கு மாதாமாதம் 'வாடகை' கட்டும் திட்டம் இருக்கிறது. ஆயிரக்கணக்கானோர் கட்டுகிறார்கள்.

இன்னொன்று. 2023 டிசம்பரில் கொலம்பியா படுகையின் நான்கு தேசங்களோடும் இரண்டு மாநிலங்களோடும் அமெரிக்க அரசு சால்மனுக்காக ஓர் உடன்பாடு போட்டது. 2025 ஜூனில் புது அதிபர் ஒரு கையெழுத்தில் அதைக் கிழித்தார். 1855 ஒப்பந்தத்தை அப்படி ஒரே நாளில் கிழிக்க முடியாது, அரசியலமைப்பு அதை நாட்டின் உச்சச் சட்டம் என்கிறது. நல்லெண்ணத்துக்கும் உரிமைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். நாம் உரிமையின் பக்கம் நிற்போம்.

---

ஆற்றுவழி

நேற்றுக் கூட்டம் முடிந்தது. என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

வரைபடத்தைக் கிழிக்கவில்லை. அதன் மேல் ஒளிபுகும் தாள் ஒன்றைப் போட்டு, ஒப்பந்தங்களில் விட்டுக்கொடுத்த நிலத்தின் எல்லைகளையும் இன்றைய ஒதுக்கிடங்களையும் வரைந்தோம். ஒதுக்கிடங்கள் எவ்வளவு சின்னவை என்று அப்போதுதான் நிறையப் பேருக்குத் தெரிந்தது. பென்சில் முனைக்குக்கூட இடம் போதாத ஒன்று இருந்தது.

கூட்டத் தொடக்கத்தில் வாசிக்கும் பத்தியை விட்டுவிடலாமா என்று நீண்ட விவாதம். முடிவாகவில்லை. அந்த அம்மாவைக் கேட்டோம். "வாசியுங்கள், வாசிக்காமல் போங்கள். கவுண்டி (மாவட்ட) நிர்வாகத்தில் உங்கள் ஓடைக்கரையில் கட்டட அனுமதிக்கான விசாரணை வருகிறது. எங்கள் துறை கருத்துரை அனுப்பியிருக்கிறது. அதைப் படித்துவிட்டு, சம்மதம் என்றால் ஆதரித்து எழுதுங்கள்" என்றார். படித்தோம். கரையிலிருந்து எத்தனை அடி விட வேண்டும், நிழலுக்கு எந்த மரம், தண்ணீர் எத்தனை டிகிரிக்கு மேல் சூடானால் முட்டை சாகும் என்று 14 பக்கம். மூன்று வருடமாக நாங்கள் எழுத முயன்றதைவிட நல்ல ஆவணம். 31 பேர் ஆதரித்துக் கடிதம் அனுப்பியிருக்கிறோம்.

இனி எங்கள் குழு தனியாக நடும் திட்டம் போடாது என்றும் முடிவானது. அவர்களின் மீட்புக் குழு எங்கே, எப்போது, என்ன நடச் சொல்கிறதோ அங்கே ஆள் அனுப்புவோம். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு விலகிவிட்டார்கள். ஒருவர் என்னை இந்தக் குழுவுக்குக் கூட்டி வந்தவர். அது எனக்கு வலிக்கிறது. அவரோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

---

வன்னிக்காடு

நல்ல காரியம் தம்பி. நடுகைக்கு வெளியாட்கள் வரலாமா? என் மகளுக்கு 15 வயது, அவளையும் கூட்டிக்கொண்டு எல்லை தாண்டி ஒரு சனிக்கிழமை வரப் பார்க்கிறேன்.

---

ஆற்றுவழி

தாராளமாக வாங்கக்கா. அவர்களிடம் கேட்டுவிட்டேன், 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் கையெழுத்து மட்டும் போதுமாம். முதலில் கரையிலிருக்கும் பிளாக்பெரிப் புதரை வெட்ட வேண்டும், அப்புறம்தான் வில்லோ குச்சிகள் ஊன்றுவது. ரப்பர் பூட்ஸ் அங்கேயே தருவார்கள். கையுறை மட்டும் தடிப்பாகக் கொண்டு வாருங்கள், சாதாரணக் கையுறையில் அந்த முள் ஏறிவிடும். காலை 9 மணி.